குவானாஹுவாத்தோவில் ஒரு நீலக் கதவு

தம்பி,

இந்தக் கடிதத்தை உன் கைப்பையின் உள்ஜிப்பில், ஹெட்போனுக்குப் பின்னால் வைத்தது நான்தான். விமானம் மேலே ஏறி, சீற் பெல்ற்றைக் கழற்றலாம் என்று சொன்ன பிறகுதான் நீ இதைக் கண்டெடுப்பாய் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். வீட்டில் வைத்துத் தந்திருந்தால் பாதியில் நிறுத்தி, "அம்மா, சுருக்கமாச் சொல்லுங்கோவன்" என்றிருப்பாய். அங்கே உன்னால் குறுக்கே பேச முடியாது. நோர்பரித் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஏழு வருடம் சனிக்கிழமை தவறாமல் உன்னை இழுத்துக்கொண்டு போனேன்; கார்ட்டூன் பார்க்க விடவில்லை என்று நீ வழி முழுக்க அழுதுகொண்டு வந்தாய். அந்த ஏழு வருடத்தின் பலனை இன்றைக்கு எனக்குக் காட்டு. எழுத்துக்கூட்டி வாசித்தாலும் பரவாயில்லை, பதினொரு மணித்தியாலம் இருக்கிறது. விளங்காத சொல்லை அபிராவிடம் கேள். உன் மனைவி உன்னைவிட நன்றாகத் தமிழ் வாசிப்பாள் என்று கலியாணத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டேன்.

கலியாணம் முடிந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் சாப்பிட வந்தீர்கள், நினைவிருக்கிறதா? நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். நீ உன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு மலை முழுக்கச் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக வீடுகள் ஏறி நிற்கும் படத்தைக் காட்டினாய். "ஹனிமூனுக்கு இங்கதான் போறம் அம்மா. மெக்சிக்கோவில ஒரு பழைய ஊர். பேர் சொல்ல வாய் சுளுக்கும்" என்றாய். நான் யோசிக்காமல், "குவானாஹுவாத்தோ" என்றேன். அபிரா நிமிர்ந்து பார்த்தாள். நீ, "எப்பிடி அம்மா இவ்வளவு வடிவாச் சொல்லுறீங்கள்?" என்று கேட்டாய். "ரீவியில பாத்தனான்" என்று சொல்லிவிட்டுத் தோசையைத் திருப்பினேன். அது கருகிப் போயிருந்தது. உன் அப்பா அந்தக் கருகிய தோசையைத் தன் தட்டில் வாங்கிக்கொண்டார். நான் சொன்னது பொய் என்று அந்த மனுசனுக்குத் தெரியும்.

அந்தப் பொய்க்கு வருகிறேன். அதற்கு முன்னால், ஒரு தாய் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். அபிராவின் பெரிய சூட்கேசைப் பற்றி நான் வீட்டிலேயே இரண்டு தரம் வாய் திறந்தேன், இருவரும் கேட்கவில்லை. அந்த ஊர் ஒரு பள்ளத்தாக்குக்குள் இருக்கிறது. வீடுகளுக்குப் போகும் வழி பெரும்பாலும் படிக்கட்டுகள்தான். கார் போகாத சந்துகள், கருங்கல் பாவிய தரை. சில்லுப் பூட்டிய பெட்டியை அதில் இழுக்க ஏலாது. தூக்கத்தான் வேண்டும், தூக்கப் போவது நீதான். அங்கே பஸ் நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. அங்கிருந்து ஊருக்குள் போகும் வாகனம் நிலத்துக்குக் கீழே சுரங்கப் பாதைகளுக்குள் நுழையும். பயப்படாதீர்கள். முன்னொரு காலத்தில் ஆறு ஓடிய வழியைத்தான் பிறகு ரோட்டாக்கி வைத்திருக்கிறார்கள். உன் போன் வரைபடம் அதற்குள் போனதும் திக்குமுக்காடிப் போகும். அப்போது ஆட்களிடம் வழி கேள், ஆனால் மூன்று பேரிடம் கேள். தெரியாது என்று சொல்வதை அந்த ஊர்க்காரர் மரியாதைக் குறைவாக நினைக்கிறார்கள். தெரியாவிட்டாலும் ஏதோ ஒரு பக்கம் கையைக் காட்டி அனுப்பிவைப்பார்கள். நம்முடைய ஆட்களைப் போலத்தான்.

மெக்சிக்கோ சிற்றியிலிருந்து ஐந்து மணித்தியால பஸ் பயணம். பஸ் நல்ல வசதி, ஆனால் உள்ளே குளிர் மீன்கடை ஐஸ்பெட்டி மாதிரி இருக்கும். ஸ்வெற்றரைக் கீழே பெட்டிக்குள் போட்டுவிடாதே, கையில் வைத்திரு. ஊர் கடல் மட்டத்திலிருந்து வெகு உயரம். முதல் இரண்டு நாள் நாலு படி ஏறினாலே நெஞ்சு அடிக்கும். உனக்கு வருத்தம் என்று நினைத்துவிடாதே, ஆறுதலாக ஏறு, தண்ணீர் குடி. குழாய்த் தண்ணீரை வாயில் வைக்காதே, பல் தீட்டவும் போத்தல் தண்ணீர்தான். வயிற்றோட்டத்துக்கு மாத்திரையும் உப்புச் சீனித் தூளும் உன் சோக்ஸுக்குள் சுற்றி வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடம் மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்றவள், அதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? நவம்பரில் பகலில் வெயில் சுடும், பொழுது பட்டதும் விறைக்கும். அபிரா சைவம் என்பதால் ஒன்று சொல்கிறேன், கவனமாகக் கேள். அங்கே அவித்து மசித்த போஞ்சி விதை எல்லாச் சாப்பாட்டோடும் வரும். பார்த்தால் சைவம்தான். ஆனால் பலர் அதைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பார்கள். "சின் மாந்தேக்கா" என்று சொல்லு, கொழுப்பு இல்லாமல் தருவார்கள். கடைக்குள் நுழையும்போது முதலில் வணக்கம் சொல்லாமல் விலை கேட்காதே. சாப்பாட்டுக் கடையிலிருந்து எழும்பி வரும்போது, பக்கத்து மேசையில் சாப்பிடுகிறவர்களைப் பார்த்து "புரொவேச்சோ" என்று சொல்லிவிட்டு வா. முன்பின் தெரியாதவர்களுக்கும் சொல்ல வேண்டும். நன்றாகச் சாப்பிடுங்கள் என்று அர்த்தம். எனக்கு அந்த ஊரில் மிகவும் பிடித்த பழக்கம் அது.

இவ்வளவையும் நான் ரீவியில் பார்க்கவில்லை என்று இப்போது உனக்கு விளங்கியிருக்கும்.

அம்மா கொழும்பிலிருந்து நேரே லண்டனுக்கு வந்தவள் என்றுதான் உனக்குச் சொல்லி வளர்த்தேன். அது உண்மையில்லை. எனக்கு இருபத்துமூன்று வயதில் ரொறன்ரோவில் இருந்த உன் மாமா, என் அண்ணை, ஒரு ஏஜென்ற்றைப் பிடித்து என்னைக் கனடாவுக்கு எடுக்கப் பார்த்தார். அந்தக் காலத்தில் வேறு யாரோ ஒருத்தியின் பாஸ்போர்ட்டில் என் படத்தை ஒட்டி, கொழும்பிலிருந்து லண்டன், லண்டனிலிருந்து மெக்சிக்கோ, அங்கிருந்து கனடா என்று வழி போட்டார்கள். பாஸ்போர்ட்டில் என் பெயர் மேரி. மெக்சிக்கோவில் இறங்கியதும் ஏஜென்ற்றின் ஆள், "கனடா ரிக்கெற் வரச் சுணங்கும், பெரிய சிற்றியில நிண்டா பொலிஸ் பிடிக்கும்" என்று சொல்லி என்னைக் குவானாஹுவாத்தோவுக்குக் கொண்டுபோய் ஒரு வீட்டில் விட்டான். அது மாணவர்களுக்கு அறை வாடகைக்குக் கொடுக்கும் வீடு. "ஒரு கிழமை" என்று சொல்லிவிட்டுப் போனவன் ஏழு கிழமை வரவில்லை. எனக்கு ஒரு சொல் ஸ்பானிஷ் தெரியாது. தங்கச்சி ஒருத்தி இப்படி ஒரு ஊரில் இருக்கிறாள் என்று அண்ணைக்கும் தெரியாது. முதல் நான்கு நாள் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு பிஸ்கற் தின்றுகொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் வீட்டுக்காரி கதவை உதைத்தார். தட்டவில்லை, உதைத்தார். கையில் சூப்புக் கிண்ணம் இருந்தது, அதனால்தான். அவர் பெயர் லூப்பே. அப்போது ஐம்பது வயதிருக்கும், கட்டைக் குட்டை மனுசி, வலது முழங்காலில் எப்போதும் வலி. அவர் பேசியதெல்லாம் ஸ்பானிஷ்தான், நான் பேசியதெல்லாம் தமிழ்தான். ஆனால் இன்றைக்கு நினைக்கும்போது லூப்பே எனக்கு யாழ்ப்பாணத் தமிழில்தான் கேட்கிறார். "என்ன பிள்ளை, செத்துப்போகப் போறியோ? என்ர வீட்டில அதுக்கு இடமில்லை, எழும்பிச் சாப்பிடு" என்று சொன்னார். என்ன சொன்னாரோ, எனக்கு அப்படித்தான் விளங்கியது. எழும்பிச் சாப்பிட்டேன். மேரியை அவர் மரியா ஆக்கினார். என் சொந்தப் பெயரைச் சொல்லக் கூடாது என்று ஏஜென்ற்றின் ஆள் வெருட்டி வைத்திருந்தான், அதனால் கடைசிவரை நான் அவருக்கு மரியாதான்.

சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே புளியைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதே புளி, அதே கோது, "தமரிந்தோ" என்ற பெயர்கூடக் கிட்டத்தட்ட நாங்கள் வெள்ளைக்காரனிடம் சொல்வதுதான். ஆனால் அவர்கள் அதைச் சீனி போட்டுக் கரைத்துக் குடிக்கிறார்கள். நீங்களும் வாங்கிக் குடித்துப் பாருங்கள், நல்லாத்தான் இருக்கும். லூப்பேக்குத் தடிமன் பிடித்தபோது நான் அந்தப் புளியில் மிளகு, உள்ளி, கொத்தமல்லி போட்டு ரசம் வைத்துக் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்துவிட்டு, நஞ்சு வைத்துவிட்டேன் என்பது போலப் பார்த்தார். அடுத்த நாள் தானே கிண்ணத்தைக் கொண்டுவந்து நீட்டினார். பிறகு அயலட்டை முழுக்கத் தடிமன் பிடித்தவர்கள் எல்லாரும் நம் வீட்டு வாசலில்தான். "புளி மரியா" என்று எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். லூப்பே வெளியே போய் வந்தால் கதவைத் திறந்ததும் முதல் வேலையாக, "யா யேகே" என்று சத்தமாகச் சொல்லுவார். வந்து சேர்ந்திட்டன் என்று அர்த்தம். வீட்டில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சொல்லுவார். நானும் சொல்லப் பழகினேன்.

அவருக்கு ஒரே மகன், பெயர் ராமோன். வேலை தேடி வடக்கே அமெரிக்காவுக்கு எல்லை தாண்டிப் போய் இரண்டு வருடமாகியிருந்தது. தொடக்கத்தில் ஒரே ஒரு தரம் போன் எடுத்திருக்கிறான், பிறகு ஒரு சேதியும் இல்லை. அந்த வீட்டுப் போன் கீழே, வாசலுக்குப் பக்கத்தில் இருந்தது. லூப்பேயின் அறையும் என் அறையும் மேலே. நடுவில் பதினேழு படி. போன் அடித்தால் அடுப்பில் பால் பொங்கினாலும் விட்டுவிட்டு, கைபிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, அந்த முழங்காலோடு பதினேழு படியும் இறங்கி ஓடுவார். பெரும்பாலும் அறை கேட்டு யாராவது எடுத்திருப்பார்கள். பதில் சொல்லிவிட்டு மூச்சு வாங்க முதற்படியில் இருந்துவிடுவார். நான் எத்தனையோ தரம் கைகொடுத்து எழுப்பி மேலே கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். இதை மறந்துவிடாதே, இதற்குத் திரும்பி வருவேன்.

நவம்பர் தொடக்கத்தில் அங்கே இறந்தவர்களை நினைக்கும் நாள். நீங்கள் போகிற நேரமும் அதுதான். வீடுகளில் மேசை போட்டு, செவ்வந்தி மாதிரி மஞ்சள் பூவைக் கொட்டி, மெழுகுதிரி கொளுத்தி, செத்தவர்களின் படங்களை அடுக்கி, அவர்களுக்குப் பிடித்ததைப் படைப்பார்கள். நம்முடைய திவசப் படையலும் அதுவும் ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது; அவர்கள் கொஞ்சம் கூடச் சிரிக்கிறார்கள், அவ்வளவுதான். அப்படி ஒரு வீட்டுக்குள் கூப்பிட்டால் போங்கள், ஆனால் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். லூப்பே தன் மேசையில் புருசன், தாய் தகப்பன், ஒரு தங்கச்சி எல்லாரையும் வைத்தார். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி மெல்லிய குரலில், ராமோனையும் வைக்கலாம்தானே என்று கேட்டாள். லூப்பே அவளைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை. "போன் வரேல்லை எண்டா செத்ததெண்டு இல்லை" என்றார். மகனின் படம் எப்போதும் போல வாசல் கண்ணாடியின் சட்டத்தில் செருகியபடியே இருந்தது. சேதி வர வேண்டியவர்களுக்குக் கண்ணாடி, வராதென்று தெரிந்தவர்களுக்கு மேசை. அதுதான் அந்த வீட்டு ஒழுங்கு.

அதற்கு மூன்றாம் நாள் ஏஜென்ற்றின் ஆள் வந்தான். கால்மணி நேரத்தில் கிளம்பச் சொன்னான். பெயர், இலக்கம் எழுதிய துண்டு ஒன்றும் உடம்பில் இருக்கக் கூடாது என்று என் பையைக் கொட்டிப் பார்த்தான். லூப்பே என் கையைப் பிடித்துத் தன் போன் இலக்கத்தைத் தேவாரம் சொல்லிக் கொடுப்பது போல ஒவ்வொரு எண்ணாகச் சொல்லித் தந்தார். நான் பிழையில்லாமல் திருப்பிச் சொல்லும்வரை அவனை வாசலில் நிற்க வைத்தார். "போய்ச் சேந்த உடன போன் எடுக்கவேணும், என்ன?" என்றார். "ஓம்" என்று தமிழில் சொன்னேன். பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படத்தில் ஒன்று மிஞ்சியிருந்தது, அதைக் கொடுத்தேன். அவர் அதை ராமோனின் படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டத்தில் செருகினார். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

கனடாவுக்கு என்னை ஏற விடவில்லை. மெக்சிக்கோ சிற்றி விமான நிலையத்திலேயே பிடித்து, ஒரு நாள் முழுக்க ஒரு கதிரையில் இருத்தி வைத்து, வந்த வழியே லண்டனுக்குத் திருப்பி ஏற்றிவிட்டார்கள். ஹீத்ரோவில் இறங்கி அசைலம் கேட்டேன். சில நாளில் வெளியே விட்டார்கள், வெம்பிளியில் தூரத்து உறவு ஒன்றின் வீட்டுக்குப் போனேன். அடுத்த நாளே தெருமுனையில் இருந்த ரெலிபோன் பெட்டிக்குள் போய் அந்த இலக்கத்தைச் சுழற்றினேன். அங்கே மணி அடித்தது. ஒரு தரம், இரண்டு தரம். வைத்துவிட்டேன்.

ஏன் வைத்தேன் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. இரண்டு ரிங் விட்டு வைத்தால் சுகமாக வந்து சேர்ந்துவிட்டேன் என்று அர்த்தம். நீ அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை. கொழும்பில் நான் லொட்ஜில் இருந்தபோது அண்ணை ரொறன்ரோவிலிருந்து அப்படித்தான் சேதி சொல்வார். வெம்பிளியிலும் ஹரோவிலும் இருந்த நம் சனம் எல்லாம் அப்படித்தான், எடுக்காத போனுக்குக் காசு போகாது. உன் அப்பாவும் பஸ் கராஜில் ஷிப்ட் முடிந்ததும் இரண்டு ரிங் விடுவார், நான் அரிசியைப் போடுவேன். அந்தப் பெட்டிக்குள் நின்றபோது, உலகம் முழுக்கப் போன் என்றால் இப்படித்தான் என்று நினைத்துவிட்டேன் தம்பி. லூப்பேக்கு அதைச் சொல்லி வைக்கவில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை. சேதி சொல்லிவிட்டேன் என்று சந்தோசமாக நடந்து போனேன். அதையும் சேர்த்து ஒவ்வொரு நவம்பரும் ஒரு தரம் இரண்டு ரிங் விட்டேன். ஏழு வருடம். எட்டாம் வருடம் அந்த இலக்கம் வேலை செய்யவில்லை.

உள்ளதைச் சொல்வதென்றால் இன்னொரு காரணமும் இருந்தது. கனடா போகவில்லை, பிடிபட்டுத் திரும்பிவிட்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கம். அந்த மொழியில் எனக்குச் சாப்பாடு கேட்கத் தெரியும், தண்ணீர் கேட்கத் தெரியும், தோற்றுப்போனேன் என்று சொல்லத் தெரியாது. இரண்டு ரிங் எனக்கு வசதியாக இருந்தது. ஒன்றும் பேசாமலே பேசிவிட்டதாக நினைத்துக்கொள்ளலாம்.

பிறகு ஒரு நாள், நீ பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது, உன் கூட்டாளி டானியல் நம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஹோலில் போன் இரண்டு தரம் அடித்து நின்றது. நான் எழும்பி அரிசியைக் கழுவினேன். டானியல் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, யார் என்று பார்க்க மாட்டீர்களா என்று கேட்டான். நீ சிரித்துச் சிரித்து அவனுக்கு விளங்கப்படுத்தினாய். அவன் சிரிக்கவில்லை. "தெரியாத ஆள் என்றால் பயந்துபோயிருக்கும். யாருக்கோ என்னவோ நடந்து, போனைப் பிடித்து வைத்திருக்க முடியாமல் போய்விட்டது என்றுதான் நான் நினைப்பேன்" என்றான். நீ வேறு கதைக்குப் போய்விட்டாய். நான் அரிசிச் சட்டியோடு சிங்க்குக்குப் பக்கத்தில் நின்றேன்.

பதினேழு படி தம்பி. அந்த மனுசி ஏழு வருடம், ஒவ்வொரு நவம்பரும், மகன்தான் என்று நினைத்து அந்த முழங்காலோடு ஓடி இறங்கியிருப்பார். கை எட்டுவதற்குள் மணி நின்றிருக்கும். தூக்க ஆளில்லாமல் முதற்படியில் இருந்திருப்பார். எனக்குச் சூப்பு ஊட்டி உயிர் தந்தவருக்கு நான் செய்த கைம்மாறு அது. எத்தனையோ பிழை விட்டிருக்கிறேன், உன்னைக் கணக்கு ரியூசனுக்கு அடித்து அனுப்பியது உட்பட. எதற்கும் நான் இவ்வளவு அழுததில்லை. அன்றைக்கு நீ வந்து, "என்னம்மா, வெங்காயமோ?" என்று கேட்டாய். ஓம் என்றேன்.

பிறகு தேடாமல் இருக்கவில்லை. வீட்டு இலக்கம் எனக்குத் தெரியாது, சந்தின் பெயரும் தெரியாது, வழி மட்டும்தான் தெரியும். நோர்பரி நூலகத்துக் கொம்பியூட்டரில் அந்த ஊரைத் தேடி, தெருக்களைக் காட்டும் படத்தில் எத்தனையோ தரம் போய்ப் பார்த்தேன். அந்தப் படம் எடுக்கும் கார் சந்துக்குள் ஏறுவதில்லை, படியடியிலேயே நின்றுவிடுகிறது. நீங்களே போய்ப் பார்த்திருக்கலாமே என்று நீ கேட்பாய். என்னை இருத்தி வைத்த அந்தக் கதிரைக்குத் திரும்பிப் போக எனக்குப் பயம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கையில் இருந்தும் பயம். நீ சாமான் அடுக்கும்போது நான்கு தரம் உன் பாஸ்போர்ட்டைக் கேட்டு எரிச்சல் மூட்டினேனே, அது தொலைந்துவிடும் என்றில்லை. அதில் உன் படமும் உன் சொந்தப் பெயரும் ஒன்றாக இருப்பதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு ஆசை.

இப்போது வழியைக் கேள். பல்கலைக்கழகத்தின் பெரிய வெள்ளைப் படிக்கட்டுக்கு முன்னால் நின்று பார்த்தால் இடக்கைப் பக்கம் ஒரு ஒடுங்கிய சந்து ஏறும். முதல் வளைவில் ஒரு கல் தொட்டி. இரண்டாம் வளைவில் மாதா சொரூபம். மூன்றாம் வளைவு தாண்டினால் நீலக் கதவு, தட்டுவதற்கு ஒரு இரும்புக் கை இருக்கும். நிறம் மாறியிருக்கலாம், இரும்புக் கையைப் பார். லூப்பே இருந்தால் எண்பத்தைந்து தாண்டியிருக்கும். இல்லாமலும் இருக்கலாம், அதற்கும் மனதைத் தயார்படுத்தித்தான் எழுதுகிறேன். யார் கதவைத் திறந்தாலும் வணக்கம் சொல்லிவிட்டு, "மரியாவின் மகன்" என்று சொல்லு. அந்த ஊரில் மரியா என்று ஆயிரம் பேர், அதனால் "புளி மரியா, மேலறை மரியா" என்றும் சொல்லு. அபிரா அந்த மொழியை உன்னைவிடச் சீக்கிரம் பிடிப்பாள், அவளைப் பேச விடு. வெறுங்கையோடு போகாதே. உன் கலியாணப் படம் ஒன்று, பெரியதாக எடுத்தது, சூட்கேசின் அடியில் இருக்கிறது. ஓம், அந்தச் சூட்கேஸ்தான். அதனால்தான் இரண்டு தரத்தோடு வாயை மூடிக்கொண்டேன்.

நீங்கள் போய் நிற்பது படையல் போடும் நாளில். உள்ளே விட்டால் நேரே பார்க்காதே, மெல்லப் பார். வாசலில் கண்ணாடி இருந்தால் அதன் சட்டத்தைப் பார். பிறகு மேசையைப் பார். ஒரு இருபத்துமூன்று வயதுப் பெட்டை, இரட்டைப் பின்னல், பயந்த முழி, கறுப்பு வெள்ளைப் படம். எந்த இடத்தில் இருக்கிறது என்று பார். இத்தனை வருடமாக எனக்கு வேறு ஒன்றும் தெரிய வேண்டியிருக்கவில்லை. ஏழு தரம் போன் அடித்து நின்ற பிறகு, எட்டாம் வருடம் அதுவும் இல்லாமல் போன பிறகு, லூப்பே என்னைச் சாகடித்துவிட்டாரா, இல்லை இன்னும் காத்துக்கொண்டிருந்தாரா? கண்ணாடியில் இருந்தால் அப்படியே விடு. மேசையில் இருந்தால், பூவுக்கும் மெழுகுதிரிக்கும் நடுவில் நான் இருந்தால், அவர்களிடம் கேட்டு அதை எடுத்துவிடு. லண்டனில், நோர்பரியில் உயிரோடு இருக்கிறா, முழங்கால் நோ, வாய் மட்டும் குறையவில்லை என்று சொல்லு. ராமோனின் படம் எங்கே இருக்கிறது என்றும் பார்த்துக்கொள். அதை எனக்குப் போனில் சொல்லாதே, வீட்டுக்கு வந்து சொல்லு.

மற்ற நாட்கள் உங்களுடையவை. காதலர்கள் முத்தம் கொடுக்கும் சந்து ஒன்று இருக்கிறது, எல்லாரும் போவார்கள், நீங்களும் போங்கள், படம் எனக்கு அனுப்ப வேண்டாம். கறுப்பு உடுப்புப் போட்ட மாணவர்கள் மன்டலின் வாசித்துக்கொண்டு சந்து சந்தாகப் பாடிப் போவார்கள், அவர்கள் பின்னால் போனால் வழி தவறும், தவறட்டும். செத்த உடம்புகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கும் காட்சிச்சாலைக்கு மட்டும் அபிராவைக் கூட்டிக்கொண்டு போகாதே. சண்டை பிடித்தால் படி ஏறும்போது பிடிக்காதீர்கள், மூச்சு முட்டும். அவளுக்கு விளங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஒன்றையும் சொல்லாமல் விடாதே தம்பி. இதுதான் கலியாணத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே புத்திமதி, அதையும் இவ்வளவு பிந்தித்தான் கற்றுக்கொண்டேன்.

அந்த வீட்டுக்குக் காலை பத்து மணிக்குப் போ. இங்கே அப்போது பின்னேரம் நாலு மணி, நான் வேலை முடிந்து வந்து போனுக்குப் பக்கத்தில் இருப்பேன். கதவு திறந்ததும் எனக்கு எடு. இரண்டு ரிங்கோடு வைத்துவிடாதே. உன் அப்பா பழக்க தோசத்தில் அரிசி போடப் போவார், நான் போக மாட்டேன். நான் எடுக்கும்வரை அடிக்க விடு. பிறகு அந்த வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்கள் கையில் போனைக் கொடு. லூப்பே இல்லையென்றால் அந்த மேசைக்குப் பக்கத்தில் போனைப் பிடி. எனக்கு நிறையப் பேசத் தெரியாது, இரண்டு சொல்தான். முப்பத்தைந்து வருடம் சுணங்கிவிட்டது, ஆனால் சொல்லிவிடுவேன்.

யா யேகே, லூப்பே. வந்து சேர்ந்திட்டன்.

அம்மா